கரும்பலகையில் எழுதிய எண்

ஜூன் 3, திங்கள்

என் பெயர் செங்கோடன். இதை நானே எழுதினேன்.

மேலே இருக்கிற வரியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. அறுபத்தெட்டு வயது வரை கட்டைவிரலை மையில் அழுத்தியவன் நான். செவ்வாய்ப்பேட்டை லாரி ஷெட்டில் மூட்டை தூக்கினேன். எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்பதை அதில் பூசிய பெயிண்டின் நிறத்தை வைத்துத்தான் சொல்வேன். இப்போது பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுகிறேன். நேற்று ஒரு பஸ்ஸைப் படித்து முடிப்பதற்குள் அது போய்விட்டது. பரவாயில்லை, அது அயோத்தியாப்பட்டணம் பஸ் என்று தெரிந்துகொண்டேன்.

மாலை வகுப்பு எடுக்கிற தமயந்தி டீச்சர் எல்லாருக்கும் ஒரு நோட்டுக் கொடுத்தார். "தினமும் நடந்ததை எழுதுங்கய்யா. ஒரு வரி போதும். பொய் மட்டும் எழுதாதீங்க" என்றார்.

என் பெஞ்சில் என்னோடு உட்காருகிறவன் ஆசீர்வாதம். இஸ்திரி வண்டி வைத்திருக்கிறான். என்னைவிட மெதுவாக எழுதுவான், ஆனால் அழகாக எழுதுவான். அவன் மகன் லியோவும் என் மகள் பொற்கொடியும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. லியோ ரெக்கார்டு செக்‌ஷன். பொற்கொடி கம்ப்யூட்டர் லைன்களைப் பார்த்துக்கொள்கிறாள்.

கை வலிக்கிறது. சந்தோஷமாக வலிக்கிறது.

ஜூன் 5, புதன்

காலையில் தண்ணீர் பிடித்தேன். கத்தரிக்காய் வாங்கினேன். வீட்டில் நானும் பொற்கொடியும்தான். மருமகன் துபாயில். அதனால் சமையல் என்னுடையது.

பொற்கொடி வரும்போதே சிடுசிடுப்பு.

"மத்தியானம் ஆனா லைன் திணறுதுப்பா. டாக்டருங்க ரிப்போர்ட் திறக்க முடியலைன்னு கத்துறாங்க. யாரோ எதையோ பெரிசா வெளியே அனுப்புறாங்க."

"யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பே கண்ணு?"

"கம்ப்யூட்டர் எதையும் முழுசா அனுப்பாது. சின்னச் சின்னப் பொட்டலமாத்தான் அனுப்பும். ஒவ்வொரு பொட்டலத்திலயும் அனுப்பினவர் விலாசம், வாங்குறவர் விலாசம் ரெண்டும் இருக்கும். லைன் வெளியே போற இடத்துல ஒரு பெட்டி இருக்கு. அது வழியாப் போற பொட்டலத்தையெல்லாம் நகல் பிடிச்சு ஒரு கோப்புல போட்டு வச்சிருக்கேன். யார் பேர்ல அதிகம்னு எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்."

"எங்க லாரி ஷெட்டு மாதிரி."

"அதேதான். என்ன, இங்க யாருக்கும் முதுகு வலிக்காது."

எண்ணுவதற்கு அவளே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறாளாம். பல வருஷமாக ஓடுகிறதாம். ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லையாம்.

ஜூன் 6, வியாழன்

பிடித்துவிட்டாள்! என் மகள் பிடித்துவிட்டாள்!

ஒரே ஒரு கம்ப்யூட்டரிலிருந்துதான் அவ்வளவும் போகிறதாம். போகிற இடம் எங்கோ வெளிநாட்டு விலாசமாம். நோயாளிகளின் விவரங்களை யாரோ விற்கிறார்கள் போலிருக்கிறது என்றாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம்ம சேலத்தில், நாம் ஊசி போட்டுக்கொள்கிற ஆஸ்பத்திரியில்!

மேசைமேல் அவள் வைத்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். நானே படித்தேன். 10.1.168.192. நான்கு துண்டு, நடுநடுவே புள்ளி.

"இதுதான் திருடன் பேரா?"

"பேர் இல்லைப்பா, அந்தக் கம்ப்யூட்டரோட விலாசம். யாரோட சீட்டுன்னு இனிமேதான் பார்க்கணும். திங்கட்கிழமை பெரிய டாக்டர்கிட்ட ரிப்போர்ட் கொடுப்பேன். அதுவரைக்கும் வெளியே மூச்சு விடக்கூடாது, சரியா?"

சரி என்றேன்.

ஜூன் 7, வெள்ளி

இன்று வகுப்பில் எனக்குக் கை தட்டினார்கள்.

"இந்த வாரம் நீங்களே படிச்சது ஏதாவது இருந்தா வந்து எழுதுங்க" என்றார் டீச்சர். பால் பாக்கெட்டில் இருந்ததை ஒருவர் எழுதினார். ஒரு அம்மா சுடுகாட்டுச் சுவரில் இருந்த விளம்பரத்தை எழுதினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் போய் 10.1.168.192 என்று எழுதினேன். பெரிசாக எழுதினேன். கடைசி வரிசைக்கும் தெரியவேண்டுமே.

"இது என்னங்கய்யா, போன் நம்பரா?"

"திருடனோட விலாசம் டீச்சர். ஆஸ்பத்திரியில நோயாளிங்க விவரத்தைத் திருடி விக்கிறவன். என் மகள் பிடிச்சா."

பேர் சொல்லவில்லை. எனக்கே தெரியாதே. எண்ணைத்தான் சொன்னேன்.

ஆசீர்வாதம்தான் முதலில் தட்டினான். "உன் மக போலீசுல சேர்ந்திருக்கணும்டா" என்றான். நாக்கைத் துருத்திக்கொண்டு அந்த எண்ணைத் தன் நோட்டில் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டான். "வீட்டுல லியோகிட்ட காட்டணும். அவனுக்குத் தெரிஞ்ச இடம்தானே." வகுப்பு முடிந்ததும் எனக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தான்.

ஜூன் 9, ஞாயிறு

மாம்பழம் வாங்கினேன். கடைக்காரன் அட்டையில் இமாம்பசந்த் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இது இமாம்பசந்த் இல்லையே என்றேன். "படிக்கத் தெரிஞ்சவங்க தொல்லை தாங்கலை" என்றான். நாள் முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 10, திங்கள்

திருடன் யார் என்று தெரிந்துவிட்டது. பொற்கொடி சாப்பிடும்போது சொன்னாள்.

லியோ.

என் கையில் இருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் விழுந்துவிட்டது. நம் ஆசீர்வாதத்தின் லியோவா என்று கேட்டேன். அவன்தான் என்றாள். அவள் முகமும் சரியில்லை.

"எனக்கே நம்ப முடியலைப்பா. ஆனா இன்னொண்ணு கேளுங்க. நான் இன்னைக்குத்தான் ரிப்போர்ட் கொடுத்தேன். அவன் சனிக்கிழமையே பெரிய டாக்டர் ரூமுக்குப் போய், '10.1.168.192 என் கம்ப்யூட்டர்தான் சார், ஆனா நான் எதையும் அனுப்பலை'ன்னு அழுதிருக்கான். டாக்டருக்கு ஒண்ணும் புரியலை. இன்னைக்கு என் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அப்படியே பொருந்திடுச்சு. யாரும் சொல்லாத நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்? குத்தம் உள்ள நெஞ்சுதானே முந்திக்கிட்டுப் போய்ச் சொல்லும்?"

லியோவை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். அவன் கம்ப்யூட்டரைக் கழற்றிப் பெரிய டாக்டர் அறை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மேல் விசாரணை முடிந்ததும் போலீஸாம்.

"எப்படித் தெரியும்ப்பா? சொல்லுங்க, எப்படித் தெரியும்?" என்று மறுபடியும் கேட்டாள்.

ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஆசீர்வாதம் இன்று வகுப்புக்கு வரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

கை வலி. எழுதவில்லை.

ஜூன் 12, புதன்

பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். "ஆசீர்வாதம் ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று டீச்சர் என்னைத்தான் கேட்டார். தெரியாது என்றேன்.

வீட்டுக்கு நேர்வழியில் போகாமல் அவன் தெரு வழியாகப் போனேன். இஸ்திரி வண்டியைத் தார்ப்பாயால் மூடிக் கட்டியிருந்தது. அவனுக்கென்று எடுத்துப்போன மாம்பழங்களைத் திரும்பக் கொண்டுவந்தேன். பொற்கொடி, ஏன் பழம் நசுங்கியிருக்கிறது என்றாள்.

ஜூன் 14, வெள்ளி

ரேஷன் கடையில் ஆசீர்வாதம் எனக்கு முன்னால் நின்றான். வரிசையைவிட்டுப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவன் திரும்பிவிட்டான்.

"செங்கோடா."

"சொல்லுடா."

"என் பையன் வீட்டைவிட்டு வெளியே வரலை. சாப்பிடக் கூப்பிட்டா சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிறான். சம்பந்தம் பேசியிருந்தவங்க, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க."

நான் சர்க்கரைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான்டா கொண்டுபோய்க் காட்டினேன். பாரு லியோ, எவ்வளவு அழகா எழுதியிருக்கேன் பாருன்னு. பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப்போச்சு. 'அப்பா, இது என் கம்ப்யூட்டர் மேல ஒட்டியிருக்கிற நம்பர்'னான். தப்பு பண்ணலேன்னா பயம் எதுக்கு, நேராப் போய்ச் சொல்லுன்னு நான்தான் அனுப்பினேன். இப்போ, உனக்கெப்படித் தெரியும்னு அதையே பிடிச்சுக்கிட்டாங்க. என் அப்பா நோட்டுல இருந்துச்சுன்னு சொல்லியிருக்கான். இஸ்திரி போடறவர் நோட்டுல எப்படிடா வரும்னு சிரிச்சிருக்காங்க."

பிறகு கேட்டான். "உன் மககிட்ட நீ சொன்னியா? போர்டுல எழுதினதை?"

"சொல்றேன்" என்றேன்.

"இன்னும் சொல்லலையா?"

அவன் முறை வந்துவிட்டது. அரிசி வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 16, ஞாயிறு

கேஸ் தீர்ந்தது. புது சிலிண்டர் மாற்றினேன். பொற்கொடி தலைக்குக் குளித்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். சொல்லலாம் என்று போனேன். வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 17, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

போலீசுக்குக் கொடுக்க இன்னும் உறுதியாக இருக்கட்டும் என்று பொற்கொடி இன்று மறுபடியும் பொட்டலங்களைப் பிடித்திருக்கிறாள். எண்ணிப் பார்த்தால் 10.1.168.192 இன்றைக்கும் அனுப்பியிருக்கிறது. மத்தியானம், வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவு.

அந்தக் கம்ப்யூட்டர் பீரோவுக்குள் இருக்கிறது. அதில் ஒரு ஒயர்கூட இல்லை. சாவி பெரிய டாக்டரிடம். பொற்கொடியே போய்ப் பீரோவைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாளாம். தூசி படிந்து அப்படியே இருந்ததாம்.

"பூட்டின பெட்டி எப்படிப்பா பேசும்?" என்றாள்.

எனக்கு முதலில் பேய் பிசாசு நினைப்புத்தான் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதைத்தான் எழுதவேண்டும். அவளுக்கு வேறு நினைப்பு. தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் மடிக்கணினியைத் திறந்தாள்.

ஜூன் 19, புதன்

பொற்கொடி இன்று லீவு. காலையிலிருந்து கம்ப்யூட்டரைவிட்டு நகரவில்லை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நாற்காலி பின்னால் சாயும் சத்தம். தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நான் ஒருத்தன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேன்."

ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினாள். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

பொட்டலங்களைச் சேர்த்துவைக்கிற கோப்பின் தலையில் நான்கு பைட் இருக்கும். பைட் என்றால் கம்ப்யூட்டர் எழுதுகிற ஒரு சின்னத் துண்டு. அந்த நான்கும் ஒரு முத்திரை. ஏ ஒன்று, பி இரண்டு, சி மூன்று, டி நான்கு. சில மிஷின் ஒரு எண்ணைப் பெரிய முனையிலிருந்து எழுதும். சில மிஷின் சின்ன முனையிலிருந்து எழுதும். எழுதிய மிஷினும் படிக்கிற மிஷினும் வேறு வேறு ரகமாக இருந்தால் முத்திரை டி நான்கு, சி மூன்று என்று தலைகீழாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தக் கோப்பைத் திருப்பிப் படிக்கவேண்டும்.

"திருப்பினியா?"

"திருப்பினேன். அதுதான் தப்பு."

"ஏன் கண்ணு? திருப்பணும்னுதானே முத்திரை சொல்லுது?"

"கோப்பு எழுதின மிஷின் தன் கையால போட்ட குறிப்பு இருக்கு பாருங்க, எத்தனை மணிக்குப் பிடிச்சது, எவ்வளவு நீளம்னு, அதை மட்டும்தான் திருப்பணும். உள்ள இருக்கிற பொட்டலத்தைத் தொடக்கூடாது. அது எந்த மிஷின்ல இருந்து கிளம்பினாலும் உலகம் பூரா ஒரே வரிசைதான். நான் உள்ள இருந்த விலாசத்தையும் சேர்த்துத் திருப்பிட்டேன்."

"இத்தனை வருஷமா ஓடின புரோகிராம்னியே?"

"இத்தனை வருஷமும் என் கம்ப்யூட்டர் ரகத்து மிஷின் பிடிச்ச கோப்பைத்தான் படிச்சேன். முத்திரை நேராவே இருக்கும். திருப்புற இடத்துக்கு வேலையே வரலை. போன மாசம் ஸ்கேன் சென்டர் திறந்தாங்கல்ல, அப்போ லைனை அங்க இருக்கிற பழைய பெட்டி வழியா மாத்தினாங்க. அந்தப் பெட்டி மறு ரகம். முதல் தடவையாத் திருப்ப வேண்டி வந்துச்சு. முதல் தடவையே..."

தாளில் 10.1.168.192 என்று எழுதினாள். அதன் கீழே கடைசித் துண்டிலிருந்து பின்னோக்கி எழுதினாள். 192.168.1.10.

"இது யாரு?" என்றேன்.

"ஸ்கேன் மிஷின்."

"அப்போ அந்த வெளிநாட்டு விலாசம்?"

"அதையும் திருப்பினா, கோயம்புத்தூர்ல நாங்களே வாடகைக்கு எடுத்திருக்கிற சேமிப்பு இடம். எடுக்கிற ஸ்கேன் படத்தையெல்லாம் தினமும் மத்தியானம் அங்க ஒரு நகல் அனுப்பச் சொல்லி ஆஸ்பத்திரியேதான் ஏற்பாடு பண்ணியிருக்கு."

"அப்போ திருடன்?"

"திருடனே இல்லைப்பா. திருட்டே நடக்கலை."

உரித்த வெங்காயம் என் மடியிலேயே இருந்தது. ஷெட்டில் வண்டி திரும்பி நின்றால் பெட்டிகளை ஏற்றுகிற வரிசையைத் திருப்புவோம். பெட்டியை உடைத்து உள்ளே இருக்கிற பீங்கானைத் திருப்பி அடுக்கமாட்டோம். எனக்கு அப்படித்தான் புரிந்தது. ஆனால் இல்லாத ஒரு திருட்டுக்கு நடமாடுகிற ஒரு பையனைத் திருடனாக்க முடியும் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்ததே.

"நாளைக்கு முதல் வேலையாப் போய்ச் சொல்லிடுவேன். என் வேலை போனாலும் போகட்டும்" என்றாள்.

நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும். நான் எதுவும் சொல்லத் தேவை வராது.

ஜூன் 20, வியாழன்

சரியாகவில்லை.

பொற்கொடி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். பெரிய டாக்டர் பொறுமையாகக் கேட்டாராம். பிறகு, "உன் கணக்கு தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா ரிப்போர்ட் என் கைக்கு வர்றதுக்கு முன்னாடி அதுல இருந்த நம்பர் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? உன் கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து பார்த்திருக்கான். அப்படிப்பட்டவனை நோயாளிங்க ரெக்கார்டு பக்கத்துல எப்படி உட்கார வைக்கிறது?" என்றாராம்.

பொற்கொடி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

"தப்புக் கணக்குல மாட்டினவன், இப்போ அந்த நம்பர் தெரிஞ்சதுக்காக மாட்டிக்கிட்டான். அது யார் வாயிலிருந்து போச்சுன்னு தெரிஞ்சா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். என் முகத்தில் என்ன இருந்ததோ.

"அப்பா?"

சொன்னேன். காகிதத்தைப் பார்த்தது, வகுப்பில் எழுதியது, ஆசீர்வாதம் நோட்டில் எழுதிக்கொண்டது, ரேஷன் கடை, எல்லாம். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எப்படித் தெரியும், எப்படித் தெரியும்னு உங்ககிட்டதானே கேட்டேன்?"

"ஆமா சாமி."

"இத்தனை நாளா என் எதிர்ல உட்கார்ந்து சோறு பிசைஞ்சு சாப்பிட்டீங்களே."

வெள்ளைச் சட்டையைத் தேடி எடுத்து வைத்தேன்.

ஜூன் 21, வெள்ளி

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பொற்கொடியுடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சட்டை கசங்கியிருந்தது. இஸ்திரி போட ஆள் இல்லை.

பெரிய டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். அவர் நம்பவில்லை.

"பெரியவரே, மகளைக் காப்பாத்த வந்தீங்களா, அந்தப் பையனைக் காப்பாத்த வந்தீங்களா? இவ்வளவு பெரிய நம்பரை ஒரு தடவை பார்த்து எப்படி ஞாபகம் வச்சு எழுதினீங்க?"

"புதுசா எழுதப் படிக்கக் கத்துக்கிட்டேன் சார். எதைப் பார்த்தாலும் நெஞ்சுல பதிஞ்சிடுது. என்கூட இருபது பேர் பார்த்தாங்க. டீச்சரைக் கேளுங்க."

டீச்சருக்குப் போன் போட்டார்கள். டீச்சர் சொல்வது எனக்கே கேட்டது. "ஆமாங்க, செங்கோடன் ஐயா பெரிசா எழுதினார். நாங்க கைகூடத் தட்டினோம்."

பிறகு டாக்டர் பொற்கொடியைப் பார்த்து, "ரிப்போர்ட்டை வீட்டு மேசையில போட்டு வைப்பீங்களா?" என்றார். அவள் தலைகுனிந்தாள். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் தருவார்களாம். லியோவைத் திங்கட்கிழமை வரச் சொல்ல அவரே அவன் எண்ணுக்குக் கூப்பிட்டார். அவன் எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் எடுக்கவில்லை. அப்புறம் பொற்கொடி நேரில் போனாள். என்னை வரவேண்டாம் என்றாள்.

ஜூன் 24, திங்கள்

லியோ வேலைக்குப் போனான் என்று பொற்கொடி போனில் சொன்னாள். யாரோடும் பேசவில்லையாம். காண்டீனுக்குள் அவன் நுழைந்ததும் பேச்சு நின்றதாம்.

ஆசீர்வாதம் வகுப்புக்கு வந்தான். என் பெஞ்சுக்கு வரவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்தான்.

டீச்சர் பாடம் தொடங்குவதற்கு முன் அவன் எழுந்து போனான். டஸ்டரை எடுத்தான். அன்றைக்கு நான் எழுதிய இடத்தைத் துடைத்தான். அங்கே ஒன்றும் இல்லை. எத்தனையோ பாடம் எழுதி எத்தனையோ தடவை அழித்தாகிவிட்டது. ஆனாலும் அழுத்தி அழுத்தித் துடைத்தான். பிறகு சாக்பீஸை என் பக்கம் நீட்டினான்.

"வாடா. அன்னைக்கு எழுதினேல்ல. இன்னைக்கும் எழுது."

போனேன்.

லியோ திருடவில்லை என்று எழுதினேன்.

"அவ்வளவுதானா?"

யாருமே திருடவில்லை என்று எழுதினேன்.

"இன்னும்."

சாக்பீஸ் உடைந்தது. குனிந்து எடுத்தேன். அந்த எண்ணை ஊருக்குச் சொன்னது நான். சொன்னதை வீட்டில் மறைத்ததும் நான் என்று எழுதினேன்.

"நான்னா யாரு? பேர் போடு."

செங்கோடன் என்று எழுதினேன். யாரும் கை தட்டவில்லை.

ஆசீர்வாதம் அவ்வளவையும் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தான். எல்லாரும் காத்திருந்தார்கள். படித்து முடித்ததும் போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்தான்.

"டீச்சர், கொஞ்ச நேரம் அழிக்காதீங்க. வீட்டுல காட்டணும்."

பழையபடி நாக்கைத் துருத்திக்கொண்டு எழுத ஆரம்பித்தான். என் பெயருக்கு வந்ததும் அவன் பென்சில் நின்றது. நிமிர்ந்து கரும்பலகையைப் பார்த்தான், குனிந்தான், மறுபடியும் நிமிர்ந்தான். முன்பானால் என்னைக் கேட்டிருப்பான். இன்று கேட்கவில்லை. தானே பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, முழுசாக எழுதி முடித்தான்.